அப்பாவுக்காகக் காத்திருக்கும் நாய்

அப்பா காலமாகி மூன்று வாரமாகியும், பின்னேரம் ஆறு மணிக்கு நாய் கேட்டடியில் போய்ப் படுக்கிறது, பாதிச் சோறுதான் தின்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனம் கனத்தது. டோக்கியோவின் ஷிபுயா நிலையத்தில் ஹச்சிகோ என்ற நாய், 1925இல் இறந்த தன் எஜமானான பேராசிரியருக்காக 1935இல் தான் சாகும்வரை காத்திருந்தது. அதனால் உங்கள் நாயைப் பேசி உள்ளே இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். அப்புறம் சங்கிலியைப் போட்டு வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போங்கள், தண்டவாளம் கவனம். சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டாம். அப்பாவின் பழைய சாரம் ஒன்றைத் தோய்க்காமல் அதன் படுக்கையில் போடுங்கள், மணம் தெரியட்டும். ஒருநாள் முழுக்க ஒன்றுமே தின்னாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கவலை என்று நினைத்து நோயை விட்டுவிடக் கூடாது. எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.