பாடக் குறிப்புகளுக்கு ஒன்நோட்டா, அப்சிடியனா?

வணக்கம் டீச்சர். ஒன்பதாம் வகுப்பு அறிவியல், பழைய லேப்டாப், பள்ளியில் நெட் வந்து வந்து போகிறது, குறிப்புகள் எல்லாம் வேர்டு ஃபைல்களாகச் சிதறிக் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். குறிப்பெழுத உதவும் இந்த இரண்டு மென்பொருள்களில், உங்கள் நிலைமைக்கு நான் அப்சிடியனைத்தான் சொல்வேன். இலவசம். குறிப்புகள் உங்கள் கணினியிலேயே ஒரு ஃபோல்டரில் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருக்கும். நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். நாளைக்கு மென்பொருளை மாற்றினாலும் நோட்பேடிலேயே படிக்கலாம்.

நான் பாடத்துக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். 'ஒளி' பக்கத்தில் குழியாடி என்ற சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது தனிப் பக்கத்துக்கு இணைப்பாகிவிடும். ஸ்பூனைக் காட்டி நடத்தியது, பிள்ளைகள் எந்த இடத்தில் குழம்பினார்கள் என்பதையெல்லாம் வகுப்பு முடிந்த கையோடு அங்கே இரண்டு வரி எழுதிவிடுவேன். மறுவருடம் அதே பாடத்துக்கு வரும்போது முதலில் தேடுவது அந்த வரிகளைத்தான்.

பாடப்புத்தக பிடிஎஃப் மேலேயே பேனாவால் எழுத வேண்டும் என்றால் மட்டும் ஒன்நோட் சரி.

அப்புறம், பழைய ஃபைல்களை எல்லாம் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள். அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்திலிருந்து தொடங்குங்கள். வாரம் ஒருமுறை அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.