கார் இல்லாமல் பழைய கார்க் கழகத்தில் சேரலாமா?

கேள்வி: பரந்தனில் ஆசிரியராக இருக்கிறேன். பழைய கார்களில் சிறு வயது முதலே ஈடுபாடு உண்டு, ஆனால் சொந்தமாக ஒன்றும் இல்லை. கொழும்புக் கழகம் ஒன்றில் சேர விரும்பினேன். கார் இல்லாதவரைச் சேர்க்கமாட்டார்கள் என்றும், மொறிஸ் மைனர் ஒன்றை ‘ஓப்பன் பேப்பரில்’ வாங்கித் தந்து உறுப்புரிமையையும் எடுத்துத் தருவதாகவும் ஒரு தரகர் சொல்கிறார். பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் விசுவமடுவில் கொட்டிலுக்குள் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தத் தரகருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். பழைய கார்க் கழகங்களில் பொதுவாகச் சொந்தக்காரருக்கு முழு உறுப்புரிமையும், ஆர்வலருக்கு இணை உறுப்புரிமையும் உண்டு. இணை உறுப்பினருக்கு வாக்குரிமை இராமல் போகலாம். கண்காட்சிக்குப் போவதற்கும், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்கும் வாக்குரிமை எதற்கு? விண்ணப்பத்தை ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரோ இருவரோ முன்மொழிய வேண்டியிருக்கும். தரகர் நுழைவது இந்த இடத்தில்தான். வன்னியில் இருப்பவருக்குக் கொழும்பில் ஆளைத் தெரியாது என்பதே அவருடைய மூலதனம். கண்காட்சி நாளில் நேரே போய், கார்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களோடு அரை மணி நேரம் பேசுங்கள். தன் காரைப் பற்றி யாராவது கேட்டால் முகம் சுளிக்கும் பழைய கார்க்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தாவைக் கழகத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஓப்பன் பேப்பர் என்பது, வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதாமல் பதிவுச் சொந்தக்காரர் ஒப்பமிட்டுக் கொடுத்த உரிமை மாற்றப் படிவம். அது ஐந்தாறு கை மாறி உங்களிடம் வரும்போது, ஒப்பமிட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. இதைவிட மோசமானது புத்தக வியாபாரம். உக்கிப்போன காரின் பதிவுப் புத்தகத்தை மட்டும் வாங்கி, வேறொரு காருக்கு அதைப் பொருத்திவிடுவார்கள். மைனரின் பொனற்றைத் திறந்தால், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் செசி இலக்கம், அதாவது அந்தக் காருக்கு மட்டுமே உரிய அடையாள இலக்கம், பொறித்த சிறு தகடு இருக்கும். இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுவதோடு நிற்காமல், தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெற்றுகளையும் பாருங்கள். சுற்றிலும் அறுபது வருட அழுக்குப் படிந்திருக்க, ரிவெற் மட்டும் புது அலுமினியமாக மினுங்கினால் பேச்சை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ‘விண்டேஜ்’ என்று சொல்லி விலையை ஏற்றினாலும் மயங்க வேண்டாம். பிரித்தானிய வழக்கில் அந்தச் சொல் 1919 முதல் 1930 வரையான கார்களுக்கு உரியது. மைனர் வெளிவந்ததே 1948இல்.

பெரியப்பாவின் கார் வேறு கதை. சோமசெற் 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரிக்கப்பட்டது. அதன் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும், காரை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதில்லை. பதிவில் இருப்பது பெரியப்பாவின் பெயர்தானா என்பதை முதலில் பாருங்கள். அவருடைய பெயர்தான் என்றால், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாம் பிரதி கேட்கலாம். அவர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழோடு உரித்தாளர்களின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கனடாவில் ஒரு மகன் இருந்தால் அவருடைய ஒப்பமும் அதில் அடங்கும், ‘அவன் ஒன்றும் சொல்லமாட்டான்’ என்பது ஆவணமாகாது. பெரியப்பாவும் அந்நாளில் ஓப்பன் பேப்பரில் வாங்கியிருந்தால், பழைய சொந்தக்காரரையோ அவருடைய பிள்ளைகளையோ தேடிப் பிடிக்கும்வரை ஒன்றும் நகராது. 2009இல் வாகனங்களையே வீதியில் விட்டுவிட்டு நடந்து வந்தவர்களிடம், ‘மூலப் பிரதி எங்கே’ என்று கருமபீடத்தில் கேட்கிறார்கள். கடிதத்தில் ஒரு வரி குறைந்தது என்பதற்காக, 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து வந்தவரை மறுபடியும் வரச் சொல்வதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கார் ஓடும் என்ற நினைப்பில் உடனே ஸ்ராட் செய்ய முயலாதீர்கள். போர்க்காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வரவிடாத பொருளாதாரத் தடைக்காலத்தில் சிறு போத்தலால் காப்பரேட்டருக்குள் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். பழைய ஒயிலை இறக்கிப் புதிதை ஊற்றி, பிளக்குகளைக் கழற்றி அந்தத் துவாரங்களிலும் சிறிது ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்ட பிறகு முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகி நின்றால் பலம் பிரயோகிக்காமல் விட்டுவிடுங்கள்.

பெயர் மாறும் வரை அது உங்கள் கார் அல்ல என்பதால், விண்ணப்பத்தில் அப்படி எழுத வேண்டாம். இணை உறுப்புரிமையைக் கேட்டு, ‘குடும்பத்தில் ஒரு சோமசெற் உண்டு, ஓடும் நிலையில் இல்லை’ என்று குறிப்பு மட்டும் எழுதுங்கள். கழகத்தில் சோமசெற் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அந்த ஒரு வரியைப் பார்த்தே உங்களை அழைப்பார்.