மாட்டிக்கொண்ட டம்ளரைப் பிரிப்பது எப்படி?

ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் குழவிக்கல்லைக் கீழே வையுங்கள். தட்டினால் விளிம்பு நெளிந்து பிடி இன்னும் இறுகும். எங்கள் வீட்டில் பெயர் பொறித்த சீர்வரிசை டம்ளர் ஒன்று அப்படித்தான் கோணிக்கொண்டது.

உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். வெளி டம்ளரைச் சூடான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொதிநீர் வேண்டாம். அரை நிமிடத்தில் துணியால் பிடித்துத் திருகி இழுங்கள். சூட்டில் வெளி உலோகம் விரிகிறது, குளிரில் உள்ளது சுருங்குகிறது. கிடைக்கும் இடைவெளி மயிரிழைக்கும் குறைவுதான். ஆனால் அது போதும். தாமதித்தால் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து, வேலை கெடும். பிடிவாதமான ஜோடி என்றால் இடுக்கில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு மறுபடி முயலுங்கள்.

கண்ணாடி டம்ளரில் இதைச் செய்யாதீர்கள், விரிசல் விடும்.

ஈரத்தோடு அடுக்குவதால்தான் பாதித் தொல்லை: நடுவில் நீர்ப்படலம் அடைத்துக்கொண்டு காற்றை உள்ளே விடாது. துடைத்து அடுக்குங்கள்.

ஊறுகாய் பாட்டிலின் தகர மூடி திறக்காவிட்டாலும் இதே கணக்குதான். மூடியின் மேல் மட்டும் வெந்நீரைக் காட்டுங்கள். கண்ணாடியைவிடத் தகரம் அதிகம் விரியும்.