பூங்காவில் பொங்கல் விழா: துப்பாக்கியோடு போகலாமா?

கேள்வி: டாலஸ் அருகே வசிக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. டெக்சாஸ் கைத்துப்பாக்கி உரிமமான எல்டிசியும் வைத்திருக்கிறேன். எங்கள் பொங்கல் விழா நகரப் பூங்காவில் நடக்கிறது. வாசலில் துப்பாக்கி கூடாது என்று நகராட்சி பலகை வைத்திருக்கிறது. பூங்காவை ஒட்டிய அரசுப் பள்ளியில்தான் சனிக்கிழமை தமிழ் வகுப்பு. எங்கே எடுத்துப் போகலாம்? ஹெச்1பி விசாவில் இருக்கும் நண்பர், உரிமமே தேவையில்லை என்கிறாரே?

பதில்: பூங்காவுக்கு எடுத்துப் போகலாம். பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது. உங்கள் நண்பர் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் இதைக் கடைசிவரை படிக்கட்டும்.

டெக்சாஸில் துப்பாக்கி விதி போடும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில் இருக்கிறது. மாநிலச் சட்டம் தடுக்காத தன் இடத்தில், எல்டிசி வைத்திருப்பவரைத் துப்பாக்கியோடு வராதே என்று நகராட்சி பலகை வைத்தால் அபராதம் நகராட்சிக்குத்தான். முதல் மீறலுக்கு 1,000 முதல் 1,500 டாலர். மறுபடி மீறினால் 10,000 முதல் 10,500. ஒவ்வொரு நாளும் தனி மீறல். பலகையைப் படம் எடுத்து, இடத்தையும் வாசகத்தையும் குறிப்பிட்டு நகராட்சிக்கு எழுதுங்கள். 3 வேலை நாளில் அகற்றாவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு மாநில அட்டர்னி ஜெனரலுக்குப் புகார் அனுப்பலாம். அவரும் நகராட்சிக்கு இன்னும் 15 நாள் கொடுப்பார். 2015லேயே வந்த சட்டம் இது. இன்றைக்கும் குடிமகன்தான் கடிதம் எழுதிப் பலகையைக் கழற்ற வைக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பலகை செல்லாது என்று வாசலில் நின்று வாதாடாதீர்கள். விழாவை நடத்தும் சங்கம் தனியார் அமைப்பு. டாலஸ் நகரத்துக்குச் சொந்தமான ஃபேர் பார்க்கில் மாநிலக் கண்காட்சியை நடத்துவதும் தனியார் அமைப்புதான். அது 2024ல் துப்பாக்கிக்குத் தடை போட்டது. அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டும் நீதிமன்றங்கள் அந்தத் தடையை நிறுத்தி வைக்கவில்லை. அதனால் அமைப்பாளர் நேரில் வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள். மறுத்து நின்றால் ஓராண்டு சிறை, 4,000 டாலர் அபராதம் வரை போகும்.

பள்ளி விஷயம் வேறு. சனிக்கிழமைதானே, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையே, சங்கம் வாடகை கொடுத்துத்தானே எடுத்திருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். எதுவும் எடுபடாது. அது எந்தக் கிழமையும் பள்ளிக் கட்டடம்தான். உள்ளே துப்பாக்கியோடு போனால் மூன்றாம் நிலை பெருங்குற்றம். 2 முதல் 10 ஆண்டு சிறை. ஒரே விலக்கு, பள்ளி நிர்வாகம் எழுத்தில் கொடுக்கும் அனுமதி. எழுத்தில் என்றால் பள்ளியின் எழுத்தில். தமிழ்ப் பள்ளி முதல்வர் தலையாட்டியதோ, சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் சரி என்றதோ அனுமதி ஆகாது. வாகன நிறுத்துமிடம் கட்டடத்தில் சேராது. ஆகவே துப்பாக்கியைக் காரிலேயே, கண்ணில் படாமல், பூட்டி வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

இனி நண்பர் விஷயம். 21 வயதானவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்று 2021 செப்டம்பரில் மாநிலச் சட்டம் மாறியது உண்மை. அதைப் பாதி மட்டும் சொல்லி வியாபாரம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்தியச் சட்டம். உங்கள் பூங்கா அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே உங்களைக் காப்பது எல்டிசி, அதாவது அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம். ஐம்பது மாநிலத்திலும் செல்லும் என்று இணையத்தில் விற்கும் உரிமத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எல்டிசி விண்ணப்பக் கட்டணம் 40 டாலர், மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்கு நேரடியாகக் கட்டலாம். பாடத்தை இணையத்தில் படிக்கலாம். ஆனால் 3, 7, 15 கஜ தூரத்தில் 50 குண்டு சுடும் தேர்வை நேரில்தான் முடிக்க வேண்டும். சுடாமலே சான்றிதழ் தருகிறேன் என்பவர் மோசடிக்காரர்.

இதைவிட மோசமான பொறி ஹெச்1பி, எஃப்1, ஹெச்4 விசாக்காரர்களுக்கு விரிக்கப்படுகிறது. இந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியை வைத்திருப்பதே மத்தியக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை, நாடு கடத்தலும் வரும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. தரகர்கள் அதைத்தான் சொல்லி, 25 டாலர் வேட்டை உரிமத்தை வாங்க வைத்து, துப்பாக்கிக் கடைக்கும் கூட்டிப் போகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது தேதியை. டெக்சாஸ் வேட்டை உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 முதல், வீட்டு அலமாரியில் பூட்டியே கிடந்தாலும், அந்தத் துப்பாக்கி அவரைக் குற்றவாளியாக்கும். நண்பரிடம் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால், உரிமத்தில் அச்சிட்டிருக்கும் தேதியை இன்றே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.