சர்டிபிகேட் வேற, லைசென்ஸ் வேற தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு கேரளா பார்டர்ல கொழிஞ்சாம்பாறை. அப்பா கூட சேந்து தோப்பு, மனை தரகு பாக்கறேன். பாதி பார்ட்டி பொள்ளாச்சி பக்கம். ஆன்லைன்ல ஒரு கம்பெனி, ஆறு வாரம் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் கோர்ஸ், 18,000 ரூபா, இந்தியா பூராம் செல்லும்ங்கறாங்க. சேரலாமா?

பதில்: காசக் கட்டிறாத தம்பி, இரு. இந்தியா பூராம் செல்லும்னாங்க பாரு, அங்கயே சாயம் வெளுத்துப்போச்சு. வீடு, மனை ப்ராஜெக்டுகள ஒழுங்குபடுத்தற 2016 ரெரா சட்டத்துல ஏஜென்ட் ரெஜிஸ்ட்ரேஷன் 9வது பிரிவுல வருது, அதக் குடுக்கறது அந்தந்த ஸ்டேட்டோட அத்தாரிட்டி, கோர்ஸ் நடத்தறவங்க இல்ல. கேரளாவுல வாங்குனது பார்டர்ல கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டுனா செல்லாது, பொள்ளாச்சில ரெரா லேஅவுட் மனை வித்துக் குடுக்கணும்னா தமிழ்நாட்டுலயும் தனியா பதியணும். பதியாம வித்தா நாளைக்கு 10,000 ரூபா வீதம் ஃபைன், அந்த மனை விலையில 5 சதவீதம் வரைக்கும் ஏறும், கமிஷனே அவ்வளவு வராதே!

ஆனா ஒண்ணு, இது ரெராவுல பதிஞ்ச ப்ராஜெக்டுக்குத்தான். நீங்க பாக்கற தோப்பு, பழைய வீடெல்லாம் அந்தப் பிரிவுல வராது.

கோர்ஸே வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. மகாராஷ்டிராவுல 2023ல இருந்து ஏஜென்ட் ஆகணும்னா ட்ரெயினிங் எடுத்து பரீட்சையும் பாஸாகணும். அமெரிக்காவுல டெக்சாஸ்ல 180 மணி நேரம் படிக்கணும், அத ஆன்லைன்லயே முடிக்கறவங்க நிறைய. நம்மூர்ல விக்கற சில கோர்ஸ் அந்தப் பாடத்தையே அப்படியே தூக்கி வெச்சிருக்கு, எஸ்க்ரோ (கிரயம் முடியற வரைக்கும் பணத்த மூணாவது ஆள் கிட்ட வெக்கறது) பத்தி நாலு வீடியோ இருக்கும், வில்லங்கம் பத்தி ஒண்ணு இருக்காது.

உனக்கு வேண்டிய படிப்பு பார்டர்லதான் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் பாலக்காடு சித்தூர் பக்கம் 20 சென்ட் பேசுனார், பேப்பர்ல 'நிலம்'னு போட்டிருந்துச்சு, நிலம்தானேன்னு அட்வான்ஸ் குடுத்துட்டார். நமக்கு எல்லாமே நிலம், கேரளா ரெக்கார்டுல நிலம்னா நெல்லு வயலு, வீடு கட்டறது 'புரயிடம்'. மேல தென்னை நின்னாலும் ரெக்கார்டு ரெக்கார்டுதான். கேரளாவோட 2008 நெல்வயல் சட்டத்துல டேட்டா பேங்க்ல, அதாவது நெல்வயல் பட்டியல்ல, இருந்துச்சுன்னா அதுல இருந்து எடுக்க ஃபார்ம் 5 போட்டு வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கிட்ட நடக்கணும், மனுசன் இன்னும் நடந்துட்டுதான் இருக்கார். நடுவுல நின்ன தரகர் போனே எடுக்கறதில்ல.

அப்பா கிட்ட கேரளா பேப்பரெல்லாம், கரம் ரசீது (நிலவரி ரசீது), தண்டப்பேர் (வில்லேஜ் ஆபீஸ்ல நிலக்காரர் கணக்கு நம்பர்), ஆதாரம் (கிரயப் பத்திரம்) எப்படிப் பாக்கறதுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோ. தமிழ்நாட்டு பட்டா, சிட்டா, எஃப்எம்பி (நில அளவு வரைபடம்), ஈசிக்கு (வில்லங்க சான்று) பொள்ளாச்சில நல்ல டாக்குமென்ட் ரைட்டர் கிட்ட ரெண்டு மாசம் உக்காரு, டீ காசுதான் செலவாகும். இதுக்கப்பறமும் கோர்ஸ்ல ஆசை இருந்தா அந்தக் கம்பெனிக்கு போன் போட்டு, நிலத்துக்கும் புரயிடத்துக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் கேளு. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதிப் போடு.