எட்டைத் தொலைத்த எண்: கேள்வி பதில்

கோத்தகிரியில் மழை விடாத நாட்களில் கணக்குப் பைத்தியம் பிடித்த நாங்கள் சிலர் கூடுவோம். போன வாரம் நான் கொடுத்துவிட்டு வந்த எண் 1,23,45,679. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சார், இதை 9ஆல் பெருக்கினால் கால்குலேட்டரில் ஒன்பது 1 வருகிறது. நடுவில் 8ஐ ஏன் விட்டீர்கள்? (குன்னூரிலிருந்து ஓர் அம்மா)

நான் விடவில்லை அம்மா, அதுவாகப் போனது. 1ஐ 81ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.012345679012345679... என்று முடிவில்லாமல் ஓடும். 81 என்பது 9 × 9. அதனால் இது 0.1111...ஐ அதனாலேயே பெருக்குவதுதான். பெருக்கிக் கூட்டினால் ஒவ்வொரு இடத்திலும் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே வந்து, 9க்கு அடுத்த இடத்தில் 10 விழும். ஒரு இடத்தில் 10 நிற்க முடியாதே. அதன் 1 இடது பக்கம் ஏற, 9 பத்தாகி 0 ஆகிறது. அங்கிருந்தும் ஒரு 1 ஏற, 8 ஒன்பதாகிறது. ஆக, கடைசியில் நீங்கள் பார்க்கும் 9தான் அந்த 8!

பகா எண்ணா?

இல்லை. 37 × 333667. இரண்டுமே பகா எண்கள்.

இலக்கங்களைக் கூட்டினாலும் 37 வருகிறதே, தற்செயலா? (கூடலூர் மாணவர்)

நல்ல கண் தம்பி. இலக்கக் கூட்டலால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர். தேவலாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் வைத்த பெயர். மகிழ்ச்சி தருவது என்று பொருள். ஸ்மித் எண் என்று இன்னொரு வகை உண்டு: பகாக் காரணிகளின் இலக்கங்களைக் கூட்டினாலும் எண்ணின் இலக்கக் கூட்டலே வர வேண்டும். நம்முடையதில் 38 வருகிறது. ஒன்றில் கோட்டை விட்டது, பாவம்.

வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. எந்த வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1 அல்லது 4தான். நம் எண்ணுக்கோ மீதி 7. 0, 1, 4இல் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. 4 + 1 + 1 + 1 என்று நான்கு வேண்டும். எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று லக்ராஞ்சு 1770இல் நிரூபித்துவிட்டார். ஒரு மாலை டீ ஆறும் வரை உட்கார்ந்து தேடியதில் எனக்குக் கிடைத்தது: 3513, 63, 21, 10. நான்கின் வர்க்கங்களையும் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊட்டி ஹர்ஷத்தா சார்?

வழக்கமாகச் சொல்லும் 2240 மீட்டர் உயரத்தை எடுத்தால், ஆம்: 8 × 280. தொட்டபெட்டாவின் 2637க்கு இலக்கக் கூட்டல் 18. ஒற்றைப்படை எண் 18ஆல் எப்படி வகுபடும்?