புழுதிப்புயல் இதயத்தையும் பாதிக்குமா?

குவைத்தில் வேலை பார்க்கும் உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருப்பதாகச் சொல்லி, புழுதிப்புயல் இதயத்தைப் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கும்.

கண்ணை உறுத்தும் பெரிய மணல் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள்தான் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய் அழற்சியை உண்டாக்குகின்றன. அதன் விளைவு அங்கேயே நிற்பதில்லை. ரத்தம் உறையும் தன்மை கூடலாம், ரத்தக்குழாய்கள் சுருங்கலாம், துடிப்பின் சீர் குலையலாம். ஏற்கெனவே அடைப்பு வந்த இதயத்துக்கு இது கூடுதல் சுமை.

'வெறும் மண்தானே' என்று பலர் விட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. தென் ஐரோப்பிய நகரங்களில் ஆராய்ந்தபோது, சகாராப் புழுதி கூடிய நாட்களில் இறப்புகளும் கூடியிருந்தன. 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன 24 மணி நேர வரம்பு, கனமீட்டருக்கு 45 மைக்ரோகிராம். கடும் புயலில் காற்றிலுள்ள துகள் அளவு ஆயிரத்தையும் தாண்டும்.

சரி, அப்பா என்ன செய்யலாம்? புயல் நாளில் வெளிவேலையைத் தவிர்க்கட்டும். முடியாவிட்டால் என்95 முகக்கவசம். துண்டு கட்டினால் நுண்துகள் நிற்காது. மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது. நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால், புழுதி அடங்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.